வெளிநாட்டு நிருபர் பேச்சுக்குப் போய் வந்தேன் (ரங்கூன், இப்போதைய பேர் யாங்கோன்)

பினாங்கு வாசகர் ஒருவர் கேட்டது:
நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி, நாலு வருஷம் தங்கிய ஒரு வெள்ளைக்கார அம்மா மேடையேறிப் பேசுவாராம், நீங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கேட்பீர்களாம். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக இருக்கிறதே? அப்படி என்னதான் தெரிந்துகொண்டீர்கள்?

2019 ஏப்ரல் 28, ஞாயிறு காலை

ஊசி விற்ற கதைதான் அண்ணே, மறுக்கவில்லை. டிக்கெட் மட்டும் கிடையாது, இலவசம்.

நான் போனது ஏசிக்காக. திஞ்சான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, முடிந்ததிலிருந்து எங்கள் தெருவில் மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புகிறது. கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பேரெல்லாம் அடித்தாகிவிட்டது, பெண் வீட்டார் கரண்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் மகள் வந்து, "ப்பா, சூலே பகோடா பக்கத்து ஹோட்டலில் ஒரு பேச்சு இருக்கு, ஹால் முழுக்க ஏசி, சமோசாவும் உண்டு" என்றாள். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தலைப்பு "அந்நிய நாட்டில் வாழ்வது" என்கிற மாதிரி. அந்நிய நாடு என்றால் நாம் இருக்கிற இந்த நாடுதான். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டார், மீதி ஆபீஸ் போகிற பர்மியப் பிள்ளைகள். தமிழ் முகம் என்று பார்த்தால் நான், மகள், சமோசாத் தட்டு.

அந்த நிருபர் அம்மா படம் போட்டுப் பேசினார். வலது பக்கம் ஸ்டீயரிங் வைத்த ஜப்பான் கார் சாலையின் வலது பக்கமே ஓடுவது, டீக்கடையில் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போடுவது, கன்னத்தில் பூசுகிற தனகா மரப்பட்டைச் சாந்து, பணம் மாற்றுகிற கடையில் டாலர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு விழுந்திருக்கிறது என்று திருப்பித் தருவது. கூட்டம் சிரித்தது. டாலர் கதைக்கு நானும் சிரித்தேன்.

அடுத்து கயிறு. ரங்கூன் மாடிவீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் கயிறு தொங்குமே, நுனியில் கிளிப்பும் மணியும் கட்டி, அந்தப் படம். இந்த ஊரின் கவிதை அது என்றார்.

எங்கள் வீடு ஆறாவது மாடி, லிப்ட் கிடையாது. நீல நைலான் கயிறு, ஆபீஸ் கோப்பில் போடுகிற பெரிய கருப்புக் கிளிப், கோவில் வாசலில் வாங்கிய சின்ன மணி. அம்மாவுக்கு முழங்கால் போன பிறகு கட்டியது. காலையில் பேப்பர் அதில்தான் ஏறும். லாட்டரி முடிவுத்தாள், கறிவேப்பிலை, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஏறும். மழைக்காலத்தில் கயிறு பாசி பிடித்துக் கையில் வழுக்கும். காற்றடித்தால் இரண்டாம் மாடியில் காயப்போட்ட துணியில் உரசும், அந்த அம்மா கத்தரியோடு பால்கனிக்கு வந்து நிற்பார். கவிதையில் அந்த அம்மாவைக் காணோம்.

கடைசியில் கேள்வி நேரம். ஒரு கேள்வியை இடைவேளையிலிருந்தே மனசுக்குள் இங்கிலீஷில் அடுக்கி வைத்திருந்தேன்: உங்களுக்காக ஊர் ஊராக வந்து பேசிக் கொடுத்த உள்ளூர் ஆளுக்கு என்ன கொடுத்தீர்கள், என்ன ஆனார்? மைக் கைக்கு வந்ததும் எல்லாம் பறந்துவிட்டது. "எங்கள் ஊர்ச் சாப்பாடு பிடித்திருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அறுபதை நெருங்குகிற மனுஷன்.

பதில் வருவதற்குள் நிகழ்ச்சியை நடத்தியவர், நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேனா என்று அன்பாக விசாரித்தார்.

2019 ஏப்ரல் 28, இரவு

மகள் படித்துவிட்டுத் திருத்தம் சொன்னாள். நாலு வருஷம் இல்லை, ஆறு. 2013இல் வந்தவர். நாலு என்றது பினாங்கு அண்ணன்தான், நானும் கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

இன்னொன்றையும் நான் வசதியாக விட்டுவிட்டேனாம். என் சாப்பாட்டுக் கேள்விக்கு அப்புறம், நான் கேட்க நினைத்ததை அவளே எழுந்து பர்மிய மொழியில் கேட்டாள். அந்த அம்மா பர்மிய மொழியிலேயே பதில் சொன்னார். இலக்கணம் அங்கங்கே நொண்டியது, ஆனால் தொனி தப்பவில்லை. என் மைத்துனன் இங்கேயே பிறந்தவன், அவன் பேசினால் டீக்கடைப் பையன் இன்றைக்கும் சிரிக்கிறான்.

கூலி எவ்வளவு என்றும் மறைக்காமல் சொன்னார். மொழிபெயர்ப்பாளரின் ஒரு நாள் கூலி என் அச்சுக்கடையின் ஒரு வார வருமானம். தொழிலை மாற்றலாமா என்று மகளிடம் கேட்டேன். மைக்கைப் பார்த்தால் வாய் வராதவருக்கு அந்த வேலை எதற்கு என்கிறாள்.

2019 ஏப்ரல் 29

டாக்ஸிக்காரர்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான், வெளிநாட்டு நிருபர் ஊருக்குள் வந்ததும் முதல் பேட்டி விமான நிலைய டாக்ஸிக்காரரிடம்தான். மேலே சொன்ன மைத்துனன் டாக்ஸி ஓட்டுகிறவன். 2012லிருந்து மூன்று வருஷம் "மாற்றம் வந்திருக்கிறதா?" என்று கேட்காத வெள்ளைக்காரர் கிடையாதாம். இறங்குகிற இடத்தைப் பார்த்துப் பதில் வைத்திருந்தான். ஸ்ட்ராண்ட் ஹோட்டல் என்றால் நிறைய மாற்றம், கூடக் காசு கிடைக்கும். மலிவு விடுதி என்றால் ஒன்றுமே மாறவில்லை, அப்போதுதான் அவர்களுக்குத் திருப்தி. இரண்டுமே எங்காவது அச்சாகியிருக்கும்.

மாற்றம் இல்லாமலும் இல்லை. 2014இல் 1,500 பர்மியச் சாட்டுக்கு சிம் அட்டை விற்றபோது மைத்துனன் ஒரே நாளில் மூன்று வாங்கினான். அதற்கு முன்னால் ஒரு சிம் வாங்க நகையை அடகு வைக்க வேண்டியிருந்தது.

2019 ஏப்ரல் 29, மாலை

"இந்தியாவிலிருந்து வந்தவரா என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?" என்கிறது ஒரு கடிதம். குற்றம் இல்லை. தினமும் கேட்கிறார்கள். தெருவில் கேட்டால் "கலா", அதாவது இந்திய வம்சத்துக்காரன், என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள், அது எந்தத் தொனியில் வருகிறது என்பதை வைத்து நான் திரும்புவதா நடப்பதா என்று முடிவு செய்வேன். இவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

தாத்தா ராமநாதபுரம் பக்கம். கப்பலில் வந்தவர். அவர் வந்த காலத்தில் இந்த ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள், 1931 கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஊரே நடந்து இந்தியாவுக்குப் போனது, தாத்தாவுக்குக் காலில் புண், தங்கிவிட்டார். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் பெரியப்பா குடும்பம் கப்பலேறியது, அப்பா அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று சொல்லியே இருந்துவிட்டார். பெரியப்பா பிள்ளைகள் இப்போது சென்னையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார்கள், அங்கே அவர்களுக்குப் பேர் பர்மாக்காரர்கள். எனக்கு இங்கே பேர் இந்தியாக்காரன். அடையாள அட்டையில் இனம், மதம் என்று இரண்டு கட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஆபீஸர் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்.

அதனால் "அந்நிய நாட்டில் வாழ்வது" என்ற தலைப்பில் எனக்கும் ஒரு மணி நேரம் பேசத் தெரியும். சமோசா அவர்கள் வாங்கட்டும்.

2019 ஏப்ரல் 30

முதல் நாள் குறிப்பைத் திரும்பப் படித்தேன். நியாயமாக எழுதவில்லை. கயிறும் டாலரும் முதல் பாதி. பின்பாதியில் அவர் சொன்னதை நான் எழுதவே இல்லை, சாப்பாட்டுக் கேள்வி அவமானத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

பின்பாதி இப்படிப் போனது. ஈஸ்டர் அன்று கொழும்பில் குண்டு வெடித்ததும் உடனே கிளம்பச் சொல்லி அவருடைய ஆபீஸிலிருந்து போன் வந்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்ததால் வேறு ஒருவர் போனார். ஆறு வருஷத்தில் படுக்கைக்குக் கீழிருந்து பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்ததே இல்லையாம். வாடகை வீட்டில் செடி வைத்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் தண்ணீர் விடுவார், அதனால் செடி பாட்டியுடையதாகிவிட்டது. இரவில் வார்டு ஆட்கள், வீட்டில் வெளியாள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கணக்குப் பார்க்க வந்தால் பாட்டிதான் வாசலில் நின்று பேசுவார், இவர் உள்ளே சும்மா இருப்பார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார்: ஏதாவது எழுதி மாட்டிக்கொண்டால் எனக்குப் போவது விசா, என் மொழிபெயர்ப்பாளர் போவது இன்செய்ன் சிறைக்கு.

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமைதான், 23ஆம் தேதி, வா லோன், சோ சோ ஊ இருவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. ராய்ட்டர்ஸ் நிருபர்கள், இரண்டு பேருமே இந்த நாட்டுப் பிள்ளைகள். இன் டின் கிராமத்தில் பத்து ரோஹிங்யா ஆண்களைக் கொன்றதைத் தோண்டியெடுத்தவர்கள். 2017 டிசம்பர் 12 அன்று போலீஸ்காரர்களே சாப்பாட்டுக்கடைக்குக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து, வெளியே வந்ததும் பிடித்தார்கள். அது திட்டம் போட்டுச் செய்தது என்று கோர்ட்டில் சொன்ன போலீஸ் கேப்டனையும் உள்ளே போட்டார்கள். ஏழு வருஷம் தண்டனை கொடுத்த சட்டம் 1923இல் வெள்ளைக்காரன் போட்டது. போனவன் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

இவர்கள் பேராவது உலகத்துக்குத் தெரியும். 2007இல் ராணுவ ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் நடந்தபோது சூலே பக்கத்தில் ஜப்பான் படக்காரர் கென்ஜி நாகாய் சுடப்பட்டு விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எத்தனை பேர். அந்த நாட்களில் காமிராவைத் துணிப்பைக்குள் ஒளித்துக்கொண்டு தெருவில் நின்ற நம் ஊர்ப் பிள்ளைகளின் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

2019 மே 1

டீ பற்றி ஒரு சிறு திருத்தம். பேச்சில் "போ ஜா" என்றால் பால் தூக்கலான இனிப்பு டீ என்றார். அது "சோ செய்ன்". போ ஜா என்றால் இனிப்பு குறைத்து, சாயம் தூக்கலாக. ஆறு வருஷமாக அந்த அம்மா தனக்குப் பிடிக்காத டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. இது ஒன்றிலாவது நான் ஜெயித்தேன்.

2019 மே 3

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நர்கீஸ் புயல் அடித்து 11 வருஷம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அந்தப் பேச்சில் என்னை உறுத்தியது கயிறும் இல்லை, இந்தியாக்காரன் கேள்வியும் இல்லை.

2008 மே 2 ராத்திரி புயல். எங்கள் தெருவில் மரங்கள் விழுந்ததோடு போயிற்று. கீழே ஐராவதி டெல்டாவில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,38,000 பேருக்கு மேல். வெளிநாட்டு நிருபர்களை உள்ளே விடவில்லை. அந்தக் களேபரத்திலும் மே 10ஆம் தேதி அரசியல் சட்ட வாக்கெடுப்பை நடத்தினார்கள். டூரிஸ்ட் விசாவில் வந்த ஒரு நிருபரை, ஐரோப்பியர், தெரிந்தவர் மூலமாக என் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். ஓரளவு இங்கிலீஷ் பேசுகிறேன், சிரியம் பாலத்தைத் தாண்டி ஓடைக்கரைக் கிராமம் ஒன்றில் எங்கள் சித்தப்பா குடும்பம் வயல் வைத்திருக்கிறது. உறவுக்காரர்களுக்கு அரிசி கொண்டு போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மனிதர் ஒரு லுங்கி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆறடி உயரத்துக்கு அந்த லுங்கி முழங்காலில் நின்றது.

பாதை போய்விட்டது, படகுதான். ஓட்டியவர் அந்தப் பக்கத்துக்காரர், வயசானவர், நான் "ஊலே" என்று கூப்பிட்டேன், நம்மில் சித்தப்பா என்கிற மாதிரி. ஓடை நெடுக ஒதுங்கிக் கிடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஊலே துடுப்பை விடாமலே பேசினார்: எந்த வீட்டில் யார் போனார்கள், அரிசி எப்போது வந்தது, வந்த அரிசி யார் வீட்டுக்குப் போனது. நான் வரி வரியாக மாற்றிச் சொன்னேன், அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கிராமத்தின் பேர் என்ன என்று கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னவன் நான்தான்.

திரும்பி வந்து 50 டாலர் நோட்டு இரண்டு கொடுத்தார். ஒன்று மொடமொடவென்று புதுசு. இன்னொன்றில் குறுக்கே ஒரு மடிப்பு. படகுக்காரருக்குப் பாதி என்பது பேச்சு.

நல்ல நோட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

செய்தி வந்ததும் தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து நகல் அனுப்பினார். என் பேர் இல்லை, ஊலே பேரும் இல்லை, "படகோட்டி ஒருவர்" என்றுதான் இருந்தது. ஆனால் கிராமத்தின் பேர் இருந்தது. அந்தக் கிராமத்தில் புயலுக்குப் பிறகு மிஞ்சியது எத்தனை படகு? சில வாரம் கழித்து ஊலேயைக் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்து அனுப்பினார்கள். அடித்தார்களா என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை, எனக்குப் போய்க் கேட்கிற தைரியம் இல்லை. படகு ஒரு மாதத்துக்கு மேல் கட்டியே கிடந்தது. மடிப்பு நோட்டை அங்கே யாரும் மாற்றித் தரவில்லை என்றும் சித்தப்பா சொன்னார்.

அந்த நிருபர் என்ன ஆனார் என்றால், ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குப் போனார். கெட்டவர் இல்லை. படகில் ஒரு இடத்தில் நோட்டை மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை நான் கேட்க அடுக்கிவைத்த கேள்வியைப் பாருங்கள்: உள்ளூர் ஆளுக்கு என்ன கொடுத்தீர்கள், அவர் என்ன ஆனார்? இது யாரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி? வாயில் வராமல் போனதற்கு இங்கிலீஷ் மட்டும் காரணமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

2019 மே 4

"உங்கள் மேல் தப்பில்லை, காலம் அப்படி" என்று பினாங்கு அண்ணன் எழுதியிருக்கிறார். காலம் அப்படித்தான், நோட்டைப் பிரித்த கை என்னுடையது. இதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

சென்னையிலிருந்து ஒருவர் அத்தோக் கடை எந்தத் தெரு என்று கேட்கிறார். சொல்ல மாட்டேன், பெரியப்பா மகன் கடன் கொடுக்கிற ஆள், கூட்டம் சேர்ந்தால் தாங்க மாட்டான்.

2019 மே 7, செவ்வாய்

விட்டுவிட்டார்கள்! பொது மன்னிப்பில் 6,520 கைதிகள், அதில் இவர்கள் இரண்டு பேரும். 500 நாளுக்கு மேல் உள்ளே. வா லோனுக்கு அவர் சிறையில் இருக்கும்போதுதான் பெண் குழந்தை பிறந்தது. இன்செய்ன் வாசலில் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற படத்தை மகள் அனுப்பினாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் வந்தது, எல்லா மாடியிலிருந்தும் பிள்ளைகள் வழக்கம்போல "மீ லா பீ!", கரண்ட் வந்துவிட்டது, என்று கத்தினார்கள். கத்தல் எதற்கு என்று ஒரு நிமிஷம் எனக்குக் குழம்பிவிட்டது.

கல்யாணப் பத்திரிகை ஒருவழியாக முடிந்தது. பெண்ணின் தாத்தா பேரில் ஒரு கால் விட்டுப்போயிற்று, கையால் போட்டுக் கொடுத்தேன்.

2021 மார்ச் 18

இந்த இழையை மறந்தே போயிருந்தேன். பினாங்கு அண்ணன் நலம் கேட்டு எழுதியதால் வந்தேன். இருக்கிறோம். கைபேசி இணையம் மூன்று நாளாக இல்லை, இது ஒரு நண்பர் கடையின் கம்பி இணைப்பு, சீக்கிரம் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்து ராத்திரி எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டுவது தொடக்கத்தில் எல்லா மாடியிலும் இருந்தது. இரண்டாம் மாடி அம்மாதான் எங்கள் கட்டடத்தில் பலமாகத் தட்டியவர், இட்லிக் குண்டான் மூடி நெளிந்துவிட்டது. கயிற்றுச் சண்டையெல்லாம் இப்போது இல்லை.

போன வாரம் ஒரு போன். அன்றைக்குப் பேசிய நிருபர் அம்மாதான், மகளிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். வேறு நாட்டில் இருக்கிறார். உங்கள் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். சொன்னேன். பேர் வேண்டாம் என்றேன், தெரு வேண்டாம் என்றேன். பிறகு நானே மறுபடி கூப்பிட்டு, ஆறாவது மாடி என்பதும் வேண்டாம், அச்சுக்கடையும் வேண்டாம் என்றேன். அவர் எழுதிக்கொண்டதை ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் படித்துக்காட்டினார், அவசரப்படவில்லை. "யாங்கோன் வாசி ஒருவர்" என்று வந்ததாம். இவர் இப்போது எந்த டீ குடிக்கிறார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

தனியார் நாளேடு ஒவ்வொன்றாக நின்று, கடைசியாக இருந்ததும் நின்றுவிட்டது. இன்று காலை வழக்கமான நேரத்துக்கு மணி ஆடியது. இழுத்துப் பார்த்தால் கிளிப்பில் பேப்பர் இல்லை, இதுவரைக்குமான பாக்கிச் சீட்டு. பணத்தைச் சுருட்டாமல் மடிக்காமல் கிளிப்பில் மாட்டி இறக்கினேன். பையன் எண்ணிப் பார்த்துவிட்டு, கிடைத்தது என்று இரண்டு தடவை ஆட்டிவிட்டுப் போனான்.